காலுக்கு ஆகாத காளை

கஸ்தூரி செத்துப்போனால்கூட ஆதிலட்சுமிக்கு ஆத்திரம் ஆறாது. செத்தவள் எப்படி வாயைத் திறப்பாள்? ஆகவே அவள் நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது வாழ வேண்டும். ஒரே ஒரு நாள் மட்டும் நாலு பேர் முன்னால் நின்று, "இந்த வேலையை நான் ஆதிக்காகிட்டதான் கத்துக்கிட்டேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அண்ணாமலையாரிடம் ஆதிலட்சுமி வைத்திருந்த வேண்டுதல் இது ஒன்றுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றும்போது ஊரெல்லாம் மோட்சம் கேட்டது, இவள் இதைக் கேட்டாள்.

பார்ப்பவர்களுக்கு அது ஒரு பெரிய வேலையாகத் தெரியாது. முனையில் கொக்கி வைத்த குரோஷே ஊசி, ஓர் உருண்டை உல்லன் நூல், அவ்வளவுதான். அதை வைத்து ஆதிலட்சுமி கைக்குழந்தைகளுக்குப் பூட்டீஸ், அதாவது காலில் மாட்டுகிற குட்டிக் கம்பளிச் சப்பாத்து, பின்னுவாள். முன்பக்கத்தில் முயல் மூஞ்சியோ கரடி மூஞ்சியோ வாத்து மூஞ்சியோ எட்டிப்பார்க்கும். குழந்தை காலை உதைத்தால் இரண்டு முயல்கள் சண்டை போடுவதுபோல இருக்கும். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆர்டர் கொடுத்தாலும் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் வீட்டைக் கேட்பாள். ஐயப்பனுக்கு மாலை போடுகிற வீடு என்றால் புலி பின்ன மாட்டாள். முருகனைக் கும்பிடுகிற வீட்டுக்கு மயிலும் இல்லை, சேவலும் இல்லை. சாமி ஏறி வருகிற வாகனத்தைக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

இந்தப் பாடத்தை அவள் படித்த இடம் திருவூடல் தெருவில் இருந்த உண்ணாமுலை மாமியின் வீடு. மாமியின் கணவர் உமாசங்கர் குருக்கள், கோயிலில் பூஜை முறை உள்ள குடும்பம். ஒரு தடவை உறவுக்காரக் குழந்தைக்கென்று யானை பூட்டீஸ் கொண்டுபோனபோது மாமி சிரித்துவிட்டாள். "பாக்க அழகா இருக்கும்மா. ஆனா பிள்ளையார் முகத்தைக் கால்ல மாட்டச் சொல்றியே. இந்த ஆத்துல ஆகாது" என்றாள். அப்போது கஸ்தூரியும் பக்கத்தில்தான் இருந்தாள், போனைத் தட்டிக்கொண்டு. அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

கஸ்தூரி கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகி பேகோபுரத் தெருவுக்கு வந்தவள். புருஷன் விமல்ராஜ் ஆட்டோ ஓட்டப் போய்விட்டால், புது ஊரில் பேச ஆள் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டு ஆதிலட்சுமிதான் பாவம் பார்த்து உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, கையில் ஊசியைக் கொடுத்தாள். செயின் போடச் சொல்லிக்கொடுத்தாள், வளையம் கட்டச் சொல்லிக்கொடுத்தாள். காதைத் தைக்கும்போது ரெட்டை முடிச்சுப் போட்டு நூலை உள்ளே இழுத்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்று மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கஸ்தூரிக்குக் கை சுமார், கண் ஜாஸ்தி. படம் எடுத்தால் பத்திரிகை அட்டைபோல் இருக்கும். ஆதிலட்சுமி பின்னினாள், கஸ்தூரி படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டாள். ஊர் ஊராய் ஆர்டர் வந்தது.

ஒரு நாள் அந்த இன்ஸ்டா பக்கத்தின் பாஸ்வேர்டு மாறிவிட்டது. "எனக்கே தெரியலக்கா, அதுவா மாறிடுச்சு" என்றாள் கஸ்தூரி. அடுத்த வாரமே அதே பக்கத்தில், அதே முயலுக்குப் பக்கத்தில், அவள் பெயர் மட்டும் இருந்தது. பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். அதையாவது ஆதிலட்சுமி பொறுத்துக்கொண்டிருப்பாள். வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் ஒரு மகளிர் சங்க விழா நடந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கஸ்தூரி மேடையேறி சால்வை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். "எங்க தெருவுல எல்லாருக்கும் நான்தான் இதைச் சொல்லிக் குடுத்தேன். அதோ உக்காந்திருக்காங்களே ஆதிக்கா, அவங்களுக்கும்தான்" என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. திகைப்பில் ஆதிலட்சுமியும் தட்டிவிட்டாள். அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று வீடு வரும் வரைக்கும் அவளுக்கு இருந்தது.

"விட்டுத் தொலையேன். பொம்மை மூஞ்சிக்கா இவ்ளோ சண்டை?" என்றான் புருஷன் முருகவேல்.

"உன் சம்பளத்தை வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனா விட்டுடுவியா?" என்றாள். அவன் கம்மென்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு ஆதிலட்சுமி தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் புது டிசைன்களைப் போட்டாள். கஸ்தூரியின் நம்பரைத் தடுத்தும் வைத்தாள். ஆனால் எதைப் போட்டாலும் இரண்டு நாளில் அது அங்கே வந்துவிடும். எப்படி என்று ஒரு நாள் பார்த்தவர்கள் பெயரைத் தள்ளிப் பார்த்தபோது தெரிந்தது. எப்போதும் முதல் ஆளாய் நிற்பது விமல்ராஜ். ஆட்டோக்காரனுக்கு வாத்து பூட்டீஸில் என்ன அக்கறை? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் நம்பரை அவள் தடுக்கவில்லை. இருக்கட்டும், வழி என்று ஒன்று இருந்தால் ஒரு நாள் நமக்கும் உதவும் என்று விட்டுவைத்தாள்.

அந்த நாள் மார்கழியில் வந்தது. காலையில் மாமி வீட்டு வாசலைத் தாண்டும்போது மாமி கூப்பிட்டாள். பெங்களூரிலிருந்து மகள் காமேஸ்வரி வந்திருந்தாள், மடியில் கைக்குழந்தை. ஆதிலட்சுமி வழக்கம்போல் அதன் பாதத்தை உள்ளங்கையில் வாங்கி, ஆள்காட்டி விரலை வைத்து நீளம் பார்த்தாள். குழந்தை அவள் விரலை உதைத்துச் சிரித்தது.

"தையில இவனுக்கு அன்னப்பிராசனம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாமா நாள் பாத்திருக்கார். நான் உன்கிட்ட சொல்லலாம்னேன். இவ அதுக்குள்ள போன்ல பாத்து அந்தக் கஸ்தூரிகிட்ட சொல்லிட்டா" என்றாள் மாமி, கொஞ்சம் சங்கடப்பட்டு.

"பொங்கலுக்கு ஏத்த மாதிரி, யார்கிட்டயும் இல்லாத புது மிருகமா கேட்டிருக்கேன் அக்கா" என்றாள் காமேஸ்வரி. "ரெண்டு நாள் டைம் குடுங்கன்னு சொல்லியிருக்காங்க."

ரெண்டு நாள் எதற்கு என்று ஆதிலட்சுமிக்குத் தெரியாதா என்ன? எதிர்வீட்டு ஸ்டேட்டஸில் ஏதாவது விழுகிறதா என்று பார்க்கத்தான். "நல்லா பண்ணுவா மாமி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வரும் வழியிலேயே மனசுக்குள் காளை உருவாகிவிட்டது.

மாட்டுப் பொங்கலுக்கு மாடு பின்னுவதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஆனால் இது தெருவில் போகிற மாடு இல்லை. புள்ளி ஒன்றும் இல்லாமல் முழு வெள்ளை நூலில் பின்னினாள். முதுகில் திமில் வைத்தாள். நெற்றியில் மூன்று கோடு இழுத்தாள், விபூதிப் பட்டையாக. கழுத்தில் மணிமாலை. முன்னங்காலை மடித்துப் படுத்திருக்கிற மாதிரி பாதத்தின் இரண்டு பக்கமும் தைத்தாள். கொம்புக்கு மட்டும் பச்சையும் மஞ்சளும் சுற்றினாள், பொங்கல் மாடு என்று பார்ப்பவர்கள் ஏமாறுவதற்காக. தைத்து முடித்ததும் கோயிலில் ஜனங்கள் நந்தியின் காதில் ரகசியம் சொல்வதுபோல், அந்த உல்லன் காதில் வாய் வைத்தாள். "கஸ்தூரி மாட்டணும்" என்றாள்.

படம் எடுத்து, படத்தின் மேலேயே 'மாட்டுப் பொங்கல் ஸ்பெஷல் பாப்பா பூட்டீஸ்' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டாள். முதல் ஆள் விமல்ராஜ். ஸ்டேட்டஸ் மறுநாள் தானாக அழிந்துவிடும், அப்புறம் சாட்சி ஏது? கஸ்தூரி இதைப் பார்த்துப் பின்னிக் குருக்கள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். யானையையே ஆகாது என்று சொன்ன வீடு, நந்தியைக் காலில் பார்த்தால் சும்மா விடுமா? என்ன தைரியம் என்று கேட்பார்கள். அப்போது அவள் வாயைத் திறந்தாக வேண்டும். 'என் டிசைன் இல்லீங்க, ஆதிக்காவோடது' என்றால் திருடி. சொல்லாவிட்டால் நந்தியைக் காலில் போட்ட பாவி. எதைச் சொன்னாலும் ஆதிலட்சுமிக்கு லாபம். நினைத்து நினைத்து அவள் தனியாகச் சிரித்தாள். பொங்கலுக்கு வெல்லம் இடிக்கும்போதுகூட உலக்கைக்குக் கீழே கஸ்தூரிதான் இருந்தாள்.

மாட்டுப் பொங்கலன்று கோயிலில் பெரிய நந்திக்கு வடையும் முறுக்கும் காயும் பழமும் மாலை மாலையாய்க் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆதிலட்சுமி கூட்டத்தில் நின்று கண்ணை மூடி, "நாளைக்கு நீதான் பார்த்துக்கணும்" என்று கும்பிட்டாள். எதற்குக் கும்பிடுகிறோம் என்று அவளுக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

மறுநாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். ஹோமப் புகை அடங்கியிருந்தது. நடுவில் காமேஸ்வரி, மடியில் குழந்தை. எதிரே ஒரு பித்தளைத் தட்டில் புத்தகம், பேனா, நெல், விபூதிப் பை எல்லாம் வைத்திருந்தார்கள். சோறூட்டிய பிறகு குழந்தை எதில் கை வைக்கிறது என்று பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். கஸ்தூரி கூடையோடு உள்ளே வந்தாள். ஆதிலட்சுமியைப் பார்த்து, "வாங்கக்கா" என்றாள், என்னவோ தன் வீட்டு விசேஷம்போல.

"கொண்டு வந்தியாம்மா? காட்டு" என்றாள் மாமி.

ஆதிலட்சுமி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கஸ்தூரி கூடையிலிருந்து எடுத்தது வாத்து. சாதாரண மஞ்சள் வாத்து பூட்டீஸ், ஆதிலட்சுமியின் பழைய டிசைன். காமேஸ்வரி அதைக் குழந்தையின் காலில் மாட்டினாள். ஆதிலட்சுமி கூடையை எட்டிப் பார்த்தாள். எங்கே காளை?

"இன்னொன்னு இருக்குங்க மாமி. இது காலுக்கு இல்லீங்க, சாமி ரூமுக்கு" என்று கஸ்தூரி இரண்டு கையாலும் எடுத்து வைத்தாள்.

தேங்காய் அளவில் ஒரு வெள்ளை நந்தி. அதே திமில், அதே பட்டை, அதே மணிமாலை, அதே மடித்த முன்னங்கால். உள்ளே பஞ்சடைத்து, பலகைமேல் உட்கார்ந்திருந்தது. குருக்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "நம்ம கோயில் நந்தியே கெளம்பி வந்தாப்ல இருக்கே" என்றார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை தட்டில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரே தாவலில் நந்தியின் கொம்பைப் பிடித்தது. கூடமே சிரித்தது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமி பூவும் ரவிக்கைத் துணியும் எடுத்துவந்து கஸ்தூரியின் கையில் கொடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள்.

"யார்கிட்டம்மா கத்துண்டே இதை?" என்று கேட்டாள்.

கஸ்தூரி ஆதிலட்சுமியை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "யார்கிட்டயும் இல்லீங்க மாமி. சாமி குடுத்தது" என்றாள்.

இலை போடுகிற நேரத்தில் கஸ்தூரி கைகழுவ வெளியே வந்தாள். ஆதிலட்சுமி வாசல் நடையில் அவளை மடக்கினாள்.

"சாமியா குடுத்தது? உன் வாய் அழுகாது?"

"கத்தாதக்கா, உள்ள கேக்கும்" என்றாள் கஸ்தூரி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். "நான் போன்ல இருந்தா எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கினியா? யானையே வேணாம்னு சொன்ன வீடு இது. நீ வீட்டைக் கேட்டு மிருகம் போடுறவ. நீயா நந்தியைக் காலுக்குப் போடுவே? நீ தப்பே பண்ண மாட்டியேக்கா. நீ ஒரு தப்பு பண்ணினா அது எனக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா?"

ஆதிலட்சுமி திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தாள்.

"போ, உள்ள போய் உன் டிசைன்னு சொல்லு. நான் வேணாம்னா சொன்னேன்? இன்னா டிசைன்னு கேப்பாங்க. ஸ்டேட்டஸ் அழிஞ்சா இன்னா, நான் படம் பிடிச்சு வெச்சிருக்கேன். பாப்பா பூட்டீஸ்னு நீயே எழுதியிருக்கே." கஸ்தூரி ரவிக்கைத் துணியை மடித்துக் கூடையில் வைத்தாள். "கம்முனு சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போ."

புத்தி உள்ளவள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத்தான் போயிருப்பாள். ஆதிலட்சுமிக்குப் புத்தி இல்லாமல் இல்லை, ஆத்திரம் அதைவிட ஜாஸ்தி. தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்த மூக்கை அவள் அப்போதே அறுத்துக்கொண்டாள். விறுவிறு என்று உள்ளே போனாள். இலையில் உட்காரப்போனவர்கள் நடுவில் புகுந்து, தன் போனில் வைத்திருந்த அந்த ஸ்டேட்டஸ் படத்தைத் திறந்து மாமியின் கண் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க மாமி. இந்த நந்தி என் டிசைன். இதோ நான் பின்னினது. இவ இதைப் பார்த்துத்தான் பண்ணா. முயல், கரடி, வாத்து, எல்லாமே என் கை. இவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். கேளுங்க அவளை, இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். கஸ்தூரியின் முகம் வெளுத்துவிட்டது. இவள் இப்படிச் செய்வாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. தலை தானாகக் குனிந்தது. ஆகா, அந்தக் குனிந்த தலையைப் பார்க்க ஆதிலட்சுமி எத்தனை பௌர்ணமி நடந்திருக்கிறாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்குத் தித்தித்தது.

மாமி கஸ்தூரியைப் பார்க்கவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள், எழுதியிருந்ததைப் படித்தாள்.

"இது காலுக்கா?"

ஆதிலட்சுமி போனை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாம பண்ணியிருக்க மாட்டே. யானையே வேண்டாம்னு உன்கிட்டதானே சொன்னேன்" என்றாள் மாமி. குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அவ திருடி. சரி, அது உங்க ரெண்டு பேர் வழக்கு. ஆனா அன்னிக்கு என் பேரன் காலை உள்ளங்கையில வாங்கி அளந்தியே. அப்பவே இதை நெனச்சுண்டுதான் அளந்தியா?"

அன்றைக்கு அந்தப் பிஞ்சுக் கால் அவள் விரலை உதைத்தது இப்போதும் உதைப்பதுபோல் இருந்தது. நினைத்துக்கொண்டு அளக்கவில்லை மாமி, அளந்த பிறகுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்?

காமேஸ்வரி நந்தியை வாங்கி அப்பால் வைக்கப் பார்த்தாள். குழந்தை விடவில்லை. கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீடே அதிரும்படி அழுதது. குருக்கள் கையைக் காட்டி மகளைத் தடுத்தார்.

"விடு. அவன் பிடிச்சது அவனுக்கு" என்றார். "ஆனா ஒண்ணு. இது யார் பண்ணினது, யார் டிசைன்னு இனிமே இந்த ஆத்துல யாரும் பேசப்படாது. யார் கேட்டாலும் நந்தி வந்தார், அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு கெளம்புங்கோ."

யார் சாப்பிடுவார்கள்? மாமி ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. கஸ்தூரியே அதைக் கூடையிலிருந்து எடுத்து, ஓசைப்படாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வாசல் இறங்கினார்கள். குவிந்து கிடந்த செருப்புகளில் தங்கள் செருப்பைத் தேடினார்கள். நடு மத்தியானம், திருவூடல் தெருவில் ஈ காக்கை இல்லை.

"உன் பேரும் போச்சு, என் பேரும் போச்சு. திருப்திதானே?" என்றாள் கஸ்தூரி.

"உன் பேர் போச்சுல்ல. அது போதும் எனக்கு" என்றாள் ஆதிலட்சுமி. போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே குழந்தையின் அழுகை நின்று, எதையோ சப்புகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. கஸ்தூரியின் தையல் எப்போதுமே லூஸ்.

"காதைத் தின்னுது பாரு. ரெட்டை முடிச்சு போட்டியாடி?"

"போட்டேன்."

"நூலை உள்ள இழுத்தியா? பிஞ்சு வந்துடப்போகுது."

"இழுத்தேன்க்கா. அதெல்லாம் நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான் பண்ணேன்" என்றாள் கஸ்தூரி, குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே. "உன்கிட்டதானே கத்துக்கிட்டேன், வேற எப்படிப் பண்ணுவேன்?"

ஆதிலட்சுமி சட்டென்று நிமிர்ந்து, யார் காதிலாவது விழுந்ததா என்று தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். ஒருவரும் இல்லை.